பாதம் தெரிய ஒரு படம்

"இன்னும் கொஞ்சம் இறக்கு" என்றாள் காமாக்ஷி.

கங்கா பாவாடை நாடாவைத் தளர்த்தி இடுப்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே தள்ளினாள். பச்சைப் பட்டு, கடுகு நிறக் கரை. இரண்டு நவராத்திரிக்கு முன்னால் தைத்தது. அப்போதே வளர்கிற பெண்ணென்று இரண்டு மடிப்பு உள்ளே வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தாள். ஒரு மடிப்பைப் போன வருஷமே பிரித்தாயிற்று. அப்படியும் விளிம்பு கணுக்காலோடு நின்றது.

"இதுக்கு மேல இறக்கினா கழண்டு விழும். அப்பறம் பாதம் மட்டுமில்லை, எல்லாம் தெரியும்" என்றாள் கங்கா.

"வாயைப் பாரு. நாளன்னிக்கு மாமியார் முன்னாலயும் இப்படித்தான் பேசப்போறயா?"

"மாமியார் எங்க என் வாயைப் பாக்கப்போறா? அவா கேட்டது காலையாக்கும்."

பாயில் மற்ற துணிகள் கிடந்தன. அரக்குப் பாவாடை, அதற்கு ஒத்துவராத சந்தன நிறத் தாவணி. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போய்ப் பழுப்பேறிய வெள்ளைப் பாவாடை. அதை யார் எடுத்து வெளியே வைத்தார்கள் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கொங்கணி ரமா பாயி கொடுத்தனுப்பிய ஆறு கஜம் புடவை, ஊதா ஜார்ஜெட், அந்துருண்டை வாசனையோடு. கீழே சுக்குக் கிடங்கில் மூட்டை புரட்டுகிறார்கள் போல. மாடி ஜன்னல் வழியாகத் தூசி வந்து எல்லாவற்றின் மேலும் படிந்துகொண்டிருந்தது. காமாக்ஷி ஜன்னலைச் சாத்தினாள். அறை இருண்டது. வெளிச்சம் போனதும் பெண்ணின் கால் அவ்வளவாகத் தெரியவில்லை. அவளுக்கு மூச்சு சீராக வந்தது. படம் எடுக்கிறவன் இப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு எடுப்பானா?

சம்பந்தம் கொண்டுவந்தவர் வெங்கிடேஸ்வரன். காமாக்ஷியின் புருஷன் கல்யாணராமனுக்கு அக்கா வீட்டுக்காரர், கல்பாத்தியில் இருக்கிறார். பையனுக்கு ஜாம்ஷெட்பூரில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பையனின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அதை வெங்கிடேஸ்வரன் போன வாரம் வந்தபோது காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். "கொச்சிப் பொண்ணுன்னா நின்ன படம் வேணும்ங்கறா. உக்காந்த படம் கூடாது. ரெண்டு பாதமும் தெரியணும். முன்னால பூந்தொட்டி, ஸ்டூல், அந்த மாதிரி ஒண்ணும் வேண்டாம். தப்பா எடுத்துக்காதே கல்யாணராமா. இப்போ எல்லாரும் இப்படித்தான் கேக்கறா."

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். யானைக்காலுக்கு இந்த ஊரில் மந்து என்று பெயர். மட்டாஞ்சேரியில் ஒரு தெருவில் நடந்தால் நாலு பேராவது அந்தக் காலை இழுத்துக்கொண்டு எதிரே வருவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பாலக்காட்டுப் பக்கம் கொச்சியில் பெண் எடுக்கிறோம் என்று சொன்னால், குடும்பம் எப்படி என்று கேட்கிறதற்கு முன்னால் கால் எப்படி என்று கேட்பார்கள். காமாக்ஷிக்குத் தெரியும். அவளும் பாலக்காட்டுப் பக்கத்துப் பெண்தான். கல்யாணத்துக்கு முன் அவள் அக்காக்களும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். "கொச்சிக்குப் போறயாடி, மெட்டியைக் கொஞ்சம் பெரிசாப் பண்ணச் சொல்லு."

மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வந்த மூன்றாம் வருஷம். குளிர் ஜுரம், தொடையிடுக்கில் நெறி, சிவந்து கொதிக்கிற கால். மூன்று நாளில் ஜுரம் போகும், வீக்கமும் வற்றும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி மறுபடி வரும், மறுபடி வற்றும். இப்படிப் போக்குக் காட்டிக்கொண்டே இருந்து, ஒரு தடவை வற்றாமல் தங்கிவிட்டது. வலது கால். கல்யாணராமன் ஆறு மாசம் டாக்டர், வைத்தியன், எண்ணெய், கஷாயம் என்று அலைந்தான். குறை சொல்ல முடியாது. அதன் பிறகு ஒரு நாள் படுக்கையை வாசல் அறைக்கு மாற்றிக்கொண்டான். அங்கே காற்று வருகிறது என்றான். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, ஒரு பண்டிகைக்குப் புடவை எடுக்காமல் இருந்ததில்லை. அவள் முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்ப்பதில்லை. அவள் நடந்து வந்தால் முகத்தைப் பார்ப்பான். முகம் இல்லாவிட்டால் சுவரைப் பார்ப்பான். அவளும் மடிசாரைத் தரை கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டப் பழகிவிட்டாள். சீக்கிரம் கை வந்துவிட்டது. எந்த மடிப்பை எங்கே விட்டால் எது மறையும் என்பதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை.

அதனால்தான் கங்காவின் இடது கால் அவனுக்குத் தெரியாது. தை மாசம் பெண்ணுக்கு முதல் ஜுரம் வந்தபோது பனியில் நனைந்தது என்றாள் காமாக்ஷி. இரண்டாவது தடவை பரீட்சைக்குக் கண் விழித்தது. மூன்றாவதுக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை, அவனும் கேட்கவில்லை. அந்த மூன்றாவது வீக்கம் முழுக்க வற்றவில்லை. தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றுமில்லை என்பார்கள். புறங்கால் கொஞ்சம் உப்பியிருக்கிறது, கணு எலும்பு உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். தினம் காலையில் காமாக்ஷி அந்தப் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்குவாள். விரலை எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும். நின்று, மெதுவாக, மனசில்லாமல் மேலே வரும்.

"என் கால் என்ன அடை மாவா? எப்பப் பாத்தாலும் அமுக்கிண்டு" என்பாள் கங்கா.

போன வருஷம் சர்க்கார் ஆட்கள் லாந்தரோடு வந்தார்கள். மந்துக்குக் காரணமான பூச்சி ராத்திரி ரத்தத்தில்தான் வெளியே வருமாம். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து மாத்திரை தருவார்களாம். கல்யாணராமன் அவர்களுக்கு உட்கார நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, தன் விரலை மட்டும் நீட்டினான். "பொம்மனாட்டிகள் தூங்கிட்டா" என்றான். காமாக்ஷியும் கங்காவும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காமாக்ஷி இப்போது யோசிக்கிறாள். ஒன்றும் ஆகியிருக்காமலும் போகலாம். அவளை உறுத்தியதெல்லாம், கதவு தாழ் போட்டிருக்கவில்லை, தானே திறந்திருக்கலாம் என்பதுதான்.

படம் எடுக்க நாள் பார்த்ததும் கல்யாணராமன்தான். வெள்ளிக்கிழமை, நல்ல நட்சத்திரம், பௌர்ணமி.

"அடுத்த பஞ்சமி அன்னிக்கு எடுக்கலாமே" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"பஞ்சமி என்னத்துக்கு? பஞ்சாங்கத்துல இதுதான் கொள்ளாம், நல்ல நாள்னு போட்டிருக்கு."

பௌர்ணமி என்றால் கால் உப்பும் என்று எப்படிச் சொல்வது? எந்தக் கால், யாருடையது என்று தொடங்க வேண்டியிருக்கும். அந்த வார்த்தைகள் இந்த வீட்டில் சொல்லப்பட்டதே இல்லை. கடவுளுக்கு உகந்த நாளும் காலுக்கு உகந்த நாளும் வேறுவேறாகப் போனதில் அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். முந்தின ராத்திரி பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, பெண்ணின் காலை விரலிலிருந்து முழங்கால் வரை இறுக்கிச் சுற்றிவிட்டுப் படுத்தாள். தனக்கு அப்படித்தான் செய்துகொள்வாள். காலையில் அவிழ்த்தபோது வீக்கம் நிஜமாகவே குறைந்திருந்தது. ஆனால் துணியின் இழை இழையாகத் தோலில் பதிந்து, கால் முழுக்கக் கயிறு சுற்றின பம்பரம் மாதிரி வரிகள். தேங்காயெண்ணெய் தேய்த்தாள். வரி போயிற்று. தேய்க்கத் தேய்க்க வீக்கம் திரும்பி வந்தது.

"புடவையைக் கட்டிப் பாரு" என்றாள் இப்போது.

ஊதா ஜார்ஜெட்டைக் கட்டிவிட ரமா பாயியே வந்துவிட்டாள். ஆறு கஜம் கட்டுவதில் அவளுக்குப் பெருமை. வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு கொசுவத்தைத் தரையோடு விட்டாள். கங்கா நிமிர்ந்து நின்றாள். பாதம் இருக்கிற இடமே தெரியவில்லை. பதினாறு வயசுப் பெண் காணாமல் போய், யாரோ ஒரு டீச்சர் அந்த இடத்தில் நின்றாள்.

"நல்ல ஐசுவரியம்" என்றாள் ரமா பாயி மலையாளத்தில். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதாணு நல்லது மாமி. ஒண்ணும் அறியில்லா" என்றாள்.

ஒன்றும் தெரியாதாம். காமாக்ஷிக்கு முகம் கொதித்தது. இவளுக்கு எப்படித் தெரியும்? கிணற்றடியில் பார்த்திருப்பாள். யாரெல்லாம் பார்த்திருப்பார்கள்? ஊர் முழுக்கத் தெரிந்து, வீட்டுக்குள் ஒருத்தனுக்கு மட்டும் தெரியாத விஷயமா இது?

படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் ரமா பாயி ஒதுங்கினாள். கல்யாணராமன், கடிதம் எழுதும் வேலை பார்க்கிற கிடங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். சட்டையில் மிளகு வாடை. பெண்ணைப் பார்த்து ஒரு கணம் நின்றான்.

"புடவையா? புடவை வேண்டாம். பாதம் தெரியணும்னு அத்திம்பேர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார். புடவை கட்டினா, எதையோ மறைக்கறான்னு நினைப்பா. பாவாடையே போறும்."

"பாவாடைல சின்னக் கொழந்தை மாதிரி இருக்கா" என்றாள் காமாக்ஷி.

"இருந்துட்டுப் போகட்டும். நாம என்ன கெழவியையா குடுக்கறோம்?" சிரித்தான். அவனுக்கு அன்று மனசு நன்றாக இருந்தது. "நம்ம பொண்ணுக்கு என்ன குறைச்சல்? கேட்டா கேக்கட்டும். காமிச்சாப் போச்சு."

கங்கா அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் காமாக்ஷி தாங்கிக்கொண்டிருப்பாள். வேடிக்கை மாதிரி ஏதோ இருந்தது. அடுத்து என்ன செய்யப்போகிறாய், பார்க்கலாம் என்கிற மாதிரி.

"அப்பா, என்னை எதுக்கு வெறுதே முழுசாப் படம் எடுக்கணும்? காலை மட்டும் எடுத்து அனுப்புங்கோ. பிடிச்சுதுன்னா பாக்கியை அப்பறமா அனுப்பலாம்."

"சீ, பைத்தியம்" என்று சிரித்துக்கொண்டே அவன் கீழே போனான். அவனுக்குப் பெண்ணின் வாய் பிடிக்கும்.

ரமா பாயி புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். காமாக்ஷி பச்சைப் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, மிச்சமிருந்த ஒரு மடிப்பின் தையலைப் பிரித்தாள். நூல் ஒவ்வொன்றாக வந்தது. பட்டு நாலு விரல் அகலம் கீழே இறங்கியது. மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த இடம் மட்டும் கரும்பச்சையாக, மற்றதோடு சேராமல், ஒரு பட்டையாகத் தெரிந்தது. படத்தில் இது தெரியுமா என்று யோசித்தாள். தெரிந்தால் தெரியட்டும். பழைய பாவாடை என்று நினைப்பார்கள். ஏழை என்று நினைப்பார்கள். ஏழை என்று நினைக்க வைக்க முடிந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

"அம்மா" என்றாள் கங்கா. பாயில் உட்கார்ந்து தன் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நோக்கும் முதல்ல இப்படித்தான் இருந்துதா?"

காமாக்ஷி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். விளிம்பை மறுபடி தைக்க வேண்டும், நேரமாகிவிட்டது.

"எழுந்து தலையை வாரிக்கோ" என்றாள்.

ரிக்‌ஷாவில் பெண்கள் இருவரும். கல்யாணராமன் குடையோடு பக்கத்தில் நடந்தான். கடைவீதியில் கைவண்டிகள் வழி விடாமல் நின்றன. தெருவோரம் காயப்போட்ட இஞ்சியை ஒருத்தி காலாலேயே தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு காலும் தூண் மாதிரி இருந்தன. தன் பாட்டுக்கு வேலை செய்தாள். பக்கத்திலிருந்தவள் சொன்ன எதற்கோ உரக்கச் சிரித்தாள். காமாக்ஷி கங்காவைப் பார்த்தாள். கங்கா இஞ்சிக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைத் தூக்கி ஸீட்டு மேல வெச்சுக்கோ. தொங்கப் போட்டா இன்னும் ஏறும்" என்று முணுமுணுத்தாள் காமாக்ஷி.

"தெருவுலயா? நன்னா இருக்கு."

"யாரும் பாக்கல்லை."

"யாரும்தான் பாக்கறதே இல்லையே" என்றாள் கங்கா. குடைக்கடியில் அவள் அப்பா நடந்து வந்துகொண்டிருந்தான், தெரிந்தவர்களுக்குத் தலையசைத்தபடி.

ஸ்டுடியோ யூதர்கள் இருக்கிற ஜூ டவுன் போகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. வைத்திருந்தவன் பெயர் அந்தப்பன், ஐம்பது வயசிருக்கும், கழுத்தில் சிலுவை, விரல் நுனிகளில் மருந்துக் கறை. வாசல் அறைச் சுவரெல்லாம் படங்கள். கல்யாண ஜோடிகள், ஞானஸ்நானக் குழந்தைகள், நாற்காலியில் கையூன்றி நிற்கும் குஜராத்திச் சேட்டுகள். கல்யாணராமன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான். காமாக்ஷியும் பார்த்தாள். நிற்கிற பெண்களின் படங்கள் எத்தனையோ இருந்தன. அநேகமாக எல்லாவற்றிலும் பெண்ணுக்கு முன்னால் ஒரு பூந்தொட்டி இருந்தது. சிலதில் இடப் பக்கம், சிலதில் வலப் பக்கம். அதே தொட்டி. இந்த ஊரில் இவ்வளவு பேரா என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஆறுதலாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

உள்ளே ஒரு திரைக்குப் பின்னால் கண்ணாடி இருந்தது. அங்கே கங்காவின் பாவாடையைத் தரையோடு இழுத்துவிட்டு, பிரித்த விளிம்பின் பிசிறை உள்ளே மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப்பனின் குரல் தாழ்வாகக் கேட்டது.

"மாமி, ஏது கால்?"

எவ்வளவு சாதாரணமாகக் கேட்டான். கடைக்காரன் எந்த அளவு என்று கேட்கிற மாதிரி. காமாக்ஷி குண்டூசியைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இடது" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டவன் திரைக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு அந்நியன். மேலே கங்கா மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"செரி. தொட்டி வெக்கட்டே?"

"தொட்டி கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"ஆ, பாலக்காட்டுக்காரா?" அவன் லேசாகச் சிரித்தான். "அவாளுக்கு என் தொட்டி இப்ப நல்லாத் தெரியும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். "எடுத்தப்பறம் பிலிம்ல கத்தி வெச்சு மெல்லச் சீவலாம். பென்சில் வெச்சு நிழல் போடலாம். எத்தனையோ பேருக்குச் செஞ்சு குடுத்திட்டுண்டு. படத்துல இருக்கற காலை நான் சரியாக்கலாம் மாமி. பக்ஷே காலை சரியாக்க என்னால பற்றில்லா. பெண்ணு பாக்க வருவா இல்லையா?"

வருவார்கள். வந்து கூடத்தில் உட்காருவார்கள். பெண் நமஸ்காரம் பண்ணி எழுந்திருப்பாள். எல்லார் கண்ணும் எங்கே போகும் என்று தெரியும். அதற்கும் ஒரு புடவை, ஒரு மடிப்பு கண்டுபிடிக்கலாம். அதன் பிறகு கல்யாணம், மெட்டி. புருஷன் அம்மி மேல் இவள் காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டும். எந்தப் பட்டு அதை மறைக்கும்? வலது காலைத்தானே தூக்குவான் என்று ஒரு கணம் கணக்குப் போட்டாள். போட்ட கணக்கை நினைத்து அவளுக்கே கூசிற்று.

"அம்மா, ஊசி குத்தறது" என்றாள் கங்கா.

படம் எடுக்கும் அறையில் கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் கொட்டியது. பின்னால் சீலையில் ஒரு மாளிகை, மாடிப்படி, தடாகம், இரண்டு அன்னம். முக்காலியில் பெரிய மரப் பெட்டிக் காமிரா. அதன் பின்பக்கம் தொங்கும் கறுப்புத் துணி. அந்தப்பன் கங்காவை அன்னத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான். சொல்லாமல் கொள்ளாமல் தொட்டியை எடுத்து வந்து அவள் இடது பக்கம் வைத்தான். முயற்சி செய்து பார்ப்பதில் தப்பில்லை என்று நினைத்திருப்பான்.

"தொட்டி வேண்டாம்" என்றான் கல்யாணராமன்.

"ஒரு பங்கிக்கு சாமி."

"அழகெல்லாம் பொண்ணுகிட்ட இருக்கு. எடுத்துடு."

தொட்டி போயிற்று. அந்தப்பன் பெண்ணைச் சற்றுத் திருப்பி, வலது காலை முன்னே வைக்கச் சொன்னான். கல்யாணராமன் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. நேராக நிற்கட்டும் என்றான். அத்திம்பேர் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றையும் மனசில் வைத்திருந்தான். கடிதப் போக்குவரத்தில் ஒரு சொல் பிசகினால் சரக்கே திரும்பி வந்துவிடும் என்று பழகியவன். காமாக்ஷி சுவரோரம் நின்றாள். நடுவில் போய்ப் பேச ஆயிரம் வழி இருப்பது போலவும், ஒவ்வொரு வழியும் ஒரே இடத்தில் போய் முட்டுவது போலவும் இருந்தது. பெண்ணுக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லலாம். இன்று வேண்டாம் என்று அழலாம். அழுதால் ஏன் என்று கேட்பான்.

"பாவாடை தரையை மூடிண்டிருக்கு. பாதமே தெரியலையே" என்றான் கல்யாணராமன். "ரெண்டு கையாலயும் லேசாத் தூக்கிப் பிடிடி, கங்கா. கணுக்கால் வரைக்கும் போறும்."

கங்கா அம்மாவைப் பார்த்தாள். இப்போது அந்த வேடிக்கை இல்லை. சின்ன வயசில் ஜுரத்தில் கஷாயம் குடிக்க வேண்டுமா என்று கேட்டுப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. காமாக்ஷி தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. கங்கா குனிந்து இரண்டு பக்கமும் பட்டை நுனிவிரலால் பிடித்தாள். தூக்கினாள்.

பச்சை விளிம்பு மேலே போயிற்று. கரும்பச்சைப் பட்டையும் போயிற்று. வெளிச்சம் நேராகக் காலில் விழுந்தது. ஒரு கால் ஒரு மாதிரி, மறு கால் வேறு மாதிரி. ரிக்‌ஷாவில் தொங்கி வந்ததில் அது இன்னும் ஏறியிருந்தது.

கல்யாணராமன் பின்னால் இருந்த சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த மாடிப்படி கோணலா இருக்கே, படத்துல சரியா விழுமா?" என்றான்.

"விழும்" என்றான் அந்தப்பன். அவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். நிறைய நேரம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது கல்யாணராமனைப் பார்க்காமல் காமாக்ஷியைப் பார்த்தான். "மாமி ஒருக்கா பாக்கட்டே. பார்த்திட்டு, எடுக்கவா வேண்டாமான்னு மாமியே சொல்லணும்."

"அவ என்னத்தைப் பாக்கறது?" என்றான் கல்யாணராமன். ஆனாலும் வழி விட்டான்.

அவள் துணிக்குள் போனாள். இருட்டு, மருந்து நெடி, யார் யாருடைய தலை எண்ணெயோ. எதிரே ஒரு மங்கல் கண்ணாடி ஒளிர்ந்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. எல்லாம் தலைகீழாக இருந்தது. அன்னங்கள் மேலே, ஆகாசத்தில் கவிழ்ந்து மிதந்தன. மாளிகை கீழ்நோக்கித் தொங்கியது. பெண்ணின் முகம் எங்கோ கீழே, ஒரு மூலையில், சின்னதாக. இத்தனை வருஷம் இழுத்து இழுத்துக் கீழே மூடி வைத்ததெல்லாம் உச்சியில் இருந்தது. இரண்டு பாதங்கள், எல்லாவற்றுக்கும் மேலே, விளக்கு ஏற்றி வைத்த மாதிரி. முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஜாம்ஷெட்பூரில் அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கினால் இப்படித்தான் பார்ப்பாள். நேராகப் பிடித்திருந்தாலும் இப்படித்தான்.

"சரியா இருக்கா?" புருஷனின் குரல் துணிக்கு வெளியே கேட்டது. "பாதம் தெரியறதா?"

அவள் வெளியே வந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அல்லது தெரியவில்லை என்று. கை கறுப்புத் துணியின் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தது. அதை அவள் அவன் பக்கம் தூக்கிப் பிடித்தாள், யாரோ உள்ளே நுழைய வேண்டிய வாசல் மாதிரி.

"நானா?" என்றான் கல்யாணராமன். சிரித்தான். "நேக்கு என்ன தெரியும் இதெல்லாம்?" ஆனால் ஆசை இருந்தது, அந்தப் பெட்டிக்குள் என்னதான் தெரிகிறது என்று. குடையை அவள் கையில் கொடுத்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். குனிந்து, தலையை உள்ளே விட்டான். காமாக்ஷி துணியை அவன் மேல் விட்டாள்.

"அனங்கண்டா மோளே" என்றான் அந்தப்பன். கங்கா அசையவில்லை.

"என்னது, எல்லாம் தலைகீழா இருக்கு" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. அதில் இன்னும் சிரிப்பு இருந்தது. பிறகு குரல் வரவில்லை.

காமாக்ஷி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுடைய முதுகும் வேட்டியும் மட்டும் தெரிந்தன. அவன் மூச்சுக்குத் துணி லேசாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. போய் வந்தது. போயிற்று. கீழே மருந்துக்கடையில் யாரோ புட்டியை இடித்து வைத்தார்கள். அந்தப்பன் தன் கறை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே, கூரை வெளிச்சத்துக்கு நடுவில், கங்காவுக்குக் கை வலித்திருக்க வேண்டும். பட்டு விளிம்பு நடுங்கியது. அவள் அதை இறக்கவில்லை. ஒற்றைக் கண்ணாகப் பளபளத்த அந்தக் காமிராவையே பார்த்துக்கொண்டு, இன்னும் ஒரு விரற்கடை உயர்த்திப் பிடித்தாள்.